அலுமினியத் தாளுக்குள் ஓர் அழைப்பு

மருத்துவமனையிலிருந்து எந்நேரமும் அழைப்பு வரலாம். கணவனுக்குப் பொருத்த இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் கிடைத்ததும் அழைப்பார்கள். அரை மணிக்குள் எடுக்காவிட்டால் அது அடுத்த நோயாளிக்குப் போய்விடும். வீட்டில் இருந்ததோ ஒரே செல்பேசி. கணவனுக்கு எழுந்து எடுக்கவும் தெம்பில்லை என்பதால் அதை மனைவி வேலைக்குக் கொண்டுவந்தாள்.

சமைத்த உணவைத் தட்டுகளில் அடைத்து அலுமினியத் தாளால் மூடும் வேலை. கூடமெங்கும் நீராவி, தரையெங்கும் தண்ணீர். செல்பேசிக்குத் தடை. பக்கத்தில் நின்று வேலை செய்யும் பெரியக்காதான் மேற்பார்வையாளரிடம் அவளுக்காக வாதாடினாள்.

“அவ புருஷன் உசுரே அதுலதான் இருக்கு சார். உங்க சட்டத்தைக் கொஞ்சம் கண்ண மூடிக்கச் சொல்லுங்க.”

“சரி, மேசை மேல இருக்கட்டும். நனைஞ்சு போச்சுன்னு என்கிட்ட வந்து அழக் கூடாது.”

நனையாமல் காப்பது எப்படி? அந்தக் கூடத்தில் எல்லாக் கேள்விக்கும் விடை ஒன்றே. மோதிரமோ மாத்திரையோ, எதையும் தாளில் பொதிந்துதான் வைப்பார்கள். பெரியக்கா மணியோசையை உச்சத்துக்கு ஏற்றி, ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கேட்டாள். பிறகு தட்டை மூடும் அதே நேர்த்தியோடு செல்பேசியைச் சுற்றி, ஓரங்களை மடித்து அழுத்தினாள்.

“ஒரு சொட்டு எறங்காது, பாரேன்.”

“சத்தம் கேக்குமாக்கா?”

“அந்தப் பாட்டுக்குச் செத்தவனே எந்திரிச்சு வருவான்டி!”

ஒரு சொட்டும் இறங்கவில்லை. அலையும் இறங்கவில்லை.

ஒளியும் செல்பேசி அலையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒளி நுழையாத செங்கற்சுவரிலும் அந்த அலை நுழைந்து வரும். ஆனால் உலோகத்தின் முன் இரண்டும் ஒன்றே: கண்ணாடியில் பட்ட வெயிலைப்போல வந்த வழியே திரும்பிவிடும். இதை அந்தக் கூடத்தில் யார் சொன்னார்கள்? செல்பேசியை விற்றவன் சொன்னானா? தடை போட்டவன் சொன்னானா? தாளை நாள் முழுதும் கையாள வைத்தவர்கள், தாளின் குணத்தை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவள் தாளைப் பிரித்தாள். பிரித்த மறுகணமே தவறிய அழைப்புகள் குறுஞ்செய்திகளாக ஒன்றன்பின் ஒன்று வந்து விழுந்தன. அவள் மருத்துவமனையை அழைத்தாள்.

“உங்களுக்குத்தாம்மா முதல்ல போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியன்னே வந்துச்சு. அடுத்தவங்களைக் கூப்பிட்டாச்சு, அவங்க வந்துட்டாங்க. மறுபடி கிடைச்சா சொல்றோம்.”

“சரிங்க.”

பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “என் கையாலயே கெடுத்துட்டேனே! எல்லாம் விதிடி!”

“விதி இல்லக்கா. தாளு.”

எந்தத் தெய்வமும் சினக்கவில்லை. எந்தக் கிரகமும் இடம் பெயரவில்லை. அழுகை வருமென்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மணி அடித்ததும் வரிசைக்குப் போனாள். தட்டுகள் வந்தன, மூடினாள்.

வீட்டில் கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“யாருக்குப் போச்சாம்?”

“அதைச் சொல்ல மாட்டாங்களாம்.”

“அவங்களாவது நேரத்துக்குப் போய்ச் சேந்தாங்களா?”

“சேந்துட்டாங்களாம்.”

“சரி. அந்தக்காவை வையாத.”

“வையலைங்க.”

“நாளைக்கு ரத்தம் சுத்தம் பண்ணப் போகணுமே?”

“எப்பவும் போலதான். கூட வர்றேன்.”

அவனுடைய வீங்கிய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலின் பாரம் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.