கொஞ்சமாகக் கேட்டவர்

பீரோவில் புது வேட்டியைத் துழாவிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் கிடந்த கணவர் சோமசேகரனின் செல்போன் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று சந்திரலேகா விட்டுவிட்டாள். ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

கீழே கொல்லையில் அவரைக் குளிப்பாட்டுவதற்குப் பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் இந்த மாடி அறையில்தான், நாற்காலியை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன காரில் அவர் தலை அவள் மடியில் இருந்தது. திருநள்ளாறு தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுரக்குடியில் ஒரு வீடு விடாமல் செய்தி போயிற்று. ஆபீசுக்குச் சொல்ல வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆபீசைப் பற்றி அவளுக்கும் அதிகம் தெரியாது. வெளிநாட்டு பேங்க் ஒன்றின் கணக்கெல்லாம் ஏதோ பழைய பெரிய கம்ப்யூட்டரில் ஓடுகிறது, அதற்கு இவர் புரோகிராம் எழுதுகிறார், அவ்வளவுதான். கொரோனா வந்ததிலிருந்து இந்த அறைதான் ஆபீஸ். கதவு எப்போதும் சாத்தியிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் உள்ளிருந்து ஒரு “ம்” வரும்.

சொல்லிவிடலாம் என்று போனை எடுத்துக் காதில் வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு பையனின் குரல் கொட்டத் தொடங்கியது.

“அண்ணே, எடுத்துட்டீங்களா? ஒண்ணும் பேச வேணாம். எங்க ஜென் சாமியாரு நீங்க மத்தியானம் வரைக்கும் மௌனம்னு தெரியும். முத்தமிழும் லைன்ல இருக்கா.”

“சார், முத்து முகம்மது ஓட்டுன கணக்கு ஜாப் நடுவழியில படுத்துடுச்சு” என்றது ஒரு பெண்குரல். “டிஸ்க்ல இடம் பத்தலயாம்.”

“அண்ணன் சொன்ன மாதிரிதானே கேட்டேன்? ‘மொதல்ல கொஞ்சமா இடம் கேளுடா, பத்தலன்னா துண்டு துண்டா வாங்கிக்க. உக்காந்ததும் எலை நெறைய வாங்குறவன் பாதியில மூடிட்டு எந்திரிப்பான்’னாரு. கொஞ்சமாத்தான் கேட்டேன். துண்டு துண்டா வாங்கி, அதுவும் தீந்து, பொத்துனு விழுந்துடுச்சு.”

“விழுந்தா என்னா? ‘விழுந்த எடத்துலேருந்து ஓட்டு.’ அதான் சாரோட ஜென்.”

“இப்படிப் பேசித்தானே மேனேஜர்கிட்ட மாட்டுனாரு! ஆட்டிட்யூட் சரியில்லன்னு எழுதுனதுக்கு என்ன பதில் போட்டாரு? ‘எந்த டிஸ்க்ல வச்சேன்னு ஞாபகமில்ல, தேடி எடுத்து அனுப்புறேன்’!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சந்திரலேகா கைக்குக் கிடைத்த வேட்டியை மார்போடு அணைத்தபடி நின்றாள். சாம்பாரில் உப்பில்லை என்றுகூடச் சொல்லத் தெரியாத மனுஷர். போட்டதைத் தின்பார், கேட்டதற்குத் தலையாட்டுவார். பேச வராதவர் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

“சரிண்ணே, நெஞ்செரிச்சல் இப்ப எப்படி இருக்கு?” என்றான் முத்து முகம்மது. “நேத்து கேட்டதுக்கு, ‘உள்ள இடம் பத்தலடா, டிஸ்க் ஃபுல்’னு சிரிச்சீங்களே. சோடா கீடா குடிச்சீங்களா?”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

நேற்று அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கி வந்து தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்துவிட்டும் அடுப்படி வாசலிலேயே நின்றார். “என்னா?” என்று நிமிராமலே கேட்டாள். “ஒண்ணுல்ல” என்றார். இன்னும் கொஞ்சம் நின்றார். அப்புறம் படியேறிப் போய்விட்டார்.

“அண்ணே?”

“தம்பி, நான் அவரு சம்சாரம் பேசுறேன்.”

“அக்காவா? அண்ணன் எங்கக்கா?” என்றான் பையன்.

“காலையில தவறிட்டாரு.”

 பையன் தாழ்ந்த குரலில் “இன்னாலில்லாஹி” என்று சாவுக்குச் சொல்லும் வாசகத்தைத் தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்தினான். முத்தமிழ் அழுவது கேட்டது. பையன்தான் மறுபடியும் பேசினான்.

“அக்கா, நேத்தே சொன்னாரேக்கா. நாங்க சிரிச்சோம். டாக்டர்கிட்ட போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியே… சிரிச்சுட்டு ஜாப்பப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டோம்க்கா.”

ஆமாம், சிரிச்சீங்க. அது அவள் நாக்கு நுனிவரை வந்தது. எனக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொன்னாரே, நீங்க சிரிச்சீங்களே. அவன் மூச்சு விட்டு விட்டு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“எங்கிட்டயும் சொன்னாருப்பா” என்றாள்.

“அக்கா?”

“நானும் வாயுன்னுதான் நெனச்சேன். சுக்கு தட்டிப் போட்டு வெந்நீ வச்சுக் குடுத்தேன். இப்ப தேவலன்னு சொல்லிட்டு மேல போனாரு. நீ மனசுல வச்சுக்காத.”

“நெசமாவாக்கா?”

“நெசந்தான்.”

அவன் விசும்பல் மெல்ல அடங்கியது. வைத்துவிடப் போனவள் மறுபடியும் காதில் வைத்தாள்.

“ஏம்மா முத்தமிழு, நல்லா சிரிப்பாரா அவரு?”

“ரொம்பச் சிரிப்பாருக்கா. எங்களுக்கு முந்தி அவருதான் சிரிப்பாரு.”

“சத்தமாவா?”

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து கொழுந்தனார் அம்பலவாணன் கூப்பிட்டார். “அண்ணி, வேட்டி கிடைச்சுதா? எல்லாரும் நிக்கிறாங்க.”

போனை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

“யாரு போன்ல?” என்றார் அம்பலவாணன்.

“ஆபீஸ்லேருந்து. சொல்லிட்டேன்.”

அவர் வேட்டியை வாங்கிக்கொண்டார். அதற்குள் தலைக்கு ஊற்றியிருந்தார்கள். தண்ணீர் பெஞ்சிலிருந்து வழிந்து, சீயக்காய் நிறத்தில் சிமெண்டுத் தரையெல்லாம் பரவி வந்தது. நின்றிருந்த பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினார்கள். சந்திரலேகா நின்ற இடத்திலேயே நின்றாள். தண்ணீர் அவள் கால்விரல்களை நனைத்து, புடவைக் கரையில் ஏறி, கொல்லைச் சாக்கடையைத் தேடிப் போயிற்று.