கடைசி ஆளுக்குப் பின்னால்

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. கேட்டு வாங்கப்பட்ட கதை இது. கேட்டவர் வரலட்சுமியக்கா. எங்கள் பகுதியான கணபதியில், நாங்கள் நடத்தும் மோட்டார் வைண்டிங் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவருடைய கணவர் சுந்தரராஜுலு போன வருஷம் தை மாதம் எங்கள் சைக்கிள் குழுவோடு தூத்துக்குடியிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரிக்கு வந்தார். இல்லை, 'வந்தார்' என்பதை அடித்துவிட்டுப் 'புறப்பட்டார்' என்று போட வேண்டும். உவரி தாண்டி ஒரு பஸ் நிழற்குடையில் இறந்துபோனார். மாரடைப்பு.

முதல் பத்தியிலேயே சாவைச் சொல்லிவிட்டேன். அதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. தெரியாமல் இருப்பது வேறொன்று. அவரோடு கடைசியாக இருந்தவன் அருண்குமார் ஒருவன்தான். அவன் சாவுக்கும் வரவில்லை, வருஷத் திதி முடிந்த பிறகும் அந்த வீட்டுப் படியேறவில்லை.

"என்ன பேசுனாரு, எப்படி இருந்தாரு, ஒண்ணுந் தெரியலீங் அம்மணி. அந்தப் பையன் வரமாட்டேங்கறாரு. நீங்க கதையெல்லாம் எழுதறீங்கல்ல, உங்ககிட்டச் சொல்லுவாரு. எழுதிக் குடுங்க, நா படிச்சுக்கறேன்" என்றார் அக்கா.

கதை எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிற வாசகர்கள் எனக்கு அதிகம் இல்லை. இருக்கிற ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று காலையில் மிக அமைதியாக —"

பொய். கடல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. நாள் முழுக்கக் கூட்டமாக ஓட்டுகிறவர் பார்ப்பது முன்னால் போகிறவரின் பின் டயரைத்தான். கடல் பார்க்கப் போய்விட்டு டயர் பார்த்துக்கொண்டு வந்தோம். [குழுவில் எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எல்லோர் போனிலும் கடல் படம் இருக்கிறது.]

இரண்டாம் தொடக்கம்: "சுந்தரராஜுலு, வயது ஐம்பத்தொன்பது, சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். முழங்கால் வலிக்காக சைக்கிள் ஓட்டத் தொடங்கிய அவர் —"

இரங்கல் கூட்டத்தில் மைக் பிடித்து வாசிப்பது போல இருக்கிறது. இதில் அவர் எங்கே இருக்கிறார்? வழியில் எந்த ஊரில் நின்றாலும் பட்டறைக்குப் போன் போட்டு "பசங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தாச்சா" என்று கேட்பாரே, அவர்? இதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது: "எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு."

இது நிற்கும் போலத் தெரிகிறது. விதி இதுதான். கடைசியாக வருகிறவரைத் தனியாக விடக்கூடாது. அவருக்குப் பின்னால் காலில் வலுவுள்ள ஒருவர் வர வேண்டும். அவரை ஸ்வீப் என்போம். கடைசி ஆள் நின்றால் ஸ்வீப்பும் நிற்க வேண்டும். என்ன ஆனாலும் கடைசி ஆளைத் தாண்டிப் போகக்கூடாது.

அன்றைக்குக் கடைசி ஆள் சுந்தரராஜுலு. அதுவரை அவர் ஓட்டிய அதிகபட்ச தூரம் பழனி வரைக்கும்தான். இந்த முறை நூற்றைம்பது கிலோமீட்டரை முடித்துவிட வேண்டும் என்று மூன்று மாதமாக விடிகாலையில் அவினாசி ரோட்டில் ஓட்டிப் பழகினார். ஸ்வீப் அருண்குமார். சோமனூர்க்காரன், தறி வைத்திருக்கிற குடும்பம், முப்பது வயது இருக்கும். குழுவிலேயே வேகமானவன் அவன்தான். அதனால்தான் அவனைக் கடைசியில் விட்டோம்.

3

இப்போது அருண்குமாரைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை.

"மெதுவாக ஓட்டி ஓட்டி அருண்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் —"

இப்படி எழுதினால் கதை சுலபமாக ஓடும். வாசகருக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைப்பான். ஆனால் யார் டியூப் பஞ்சரானாலும் முதலில் கையில் வாங்குகிறவன் அவன். எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு செத்துப்போகிற மாதிரி இருந்த ஒரு ஏற்றத்தில் என் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே மேலே வந்தவன். அவனுக்குப் பொறுமை போனதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்படியானால் அன்றைக்கு அவன் ஏன் சுந்தரராஜுலுவை விட்டுவிட்டுத் தாண்டிப் போனான்? இந்த இடத்தில்தான் பல வாரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது, மரியாதை என்று பேர். ஒரே வாசலில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று மூன்றாவது ஆள் வந்து நடுவில் புகுந்து போகும்வரை நிற்போம். வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நாங்களும் கொஞ்சம் பெருமையாகவே சிரித்துக்கொள்வோம். அடுத்தவருக்குத் தொந்தரவு ஆகிவிடும் என்று நெஞ்சு வலியைக்கூட ஒருவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பெரியவர் கூச்சப்படுவாரே என்று இன்னொருவர் கேட்கவும் மாட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

4

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் இந்தப் பகுதியில் எழுதுகிறேன்.

கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தபோது எல்லோர் போனும் நூற்று நாற்பத்தாறு காட்டியது. நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் வந்து நிறுத்த சைக்கிள்காரர்களுக்கு மனசு கேட்காது. வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில் வட்டம் போட்டுச் சுற்ற ஆரம்பித்தோம். கூட்டமாக வந்திருந்த பக்தர்கள் பலூன்காரனை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் அருண்குமார் வந்து சேர்ந்தான். அண்ணன் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, பின்னாலேயே வருகிறார் என்றான். அவன் போனிலும் நூற்று நாற்பத்தாறு. அவனும் எங்களோடு சுற்றினான்.

எங்களுக்குத் துணையாக வந்த வேனை ஓட்டியவர் யாகூப். சுற்றாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். "ராஜுலு சார் இன்னுமா வரலை?" என்று கேட்டவரும் அவர்தான். பதில் சொல்ல நாங்கள் சைக்கிளை நிறுத்துவதற்குள் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நிழற்குடையில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாராம். சைக்கிள் தூணில் சாய்த்துப் பூட்டியிருந்ததாம். சார் அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று யாகூப் கொஞ்ச நேரம் சும்மா நின்றிருக்கிறார். [யாகூப் இதைச் சொல்லி அழுதபோது அவர் எங்கள் ஊர்க்காரர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.]

கணபதி பஸ் ஸ்டாப்பில் குழு சார்பாகக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்தோம். படத்துக்குக் கீழே 150 கி.மீ. என்று போட்டிருந்தது. யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை.

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ. அருண்குமார் தாண்டிப் போகவில்லை. யாகூப்பைக் கூப்பிடுகிறான். வேன் வருகிறது, ஆஸ்பத்திரி கிடைக்கிறது, சுந்தரராஜுலு பிழைக்கிறார். தூரத்தை முடிக்க விடாமல் கெடுத்துவிட்டான் என்று அருண்குமாரைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறார். இதை எழுதியபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மூன்று பக்கம் போனேன். வரலட்சுமியக்கா இதைப் படிக்கிற முகத்தை நினைத்துப் பார்த்ததும் கிழித்துவிட்டேன்.

ஆ. அருண்குமார் தாண்டிப் போகவில்லை. ஆனாலும் அவர் இறந்துபோகிறார், அவன் மடியில். யார் மேலும் தப்பில்லை. எல்லோரும் நிம்மதியாக அழலாம். இந்த முடிவு யாருக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும், எனக்குத்தான் —

இ. (எழுதவில்லை. இதற்கு அவன் பேச வேண்டும்.)

6

ஆகவே எழுதிய வரைக்கும் எடுத்துக்கொண்டு சோமனூர் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று அருண்குமார் என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனான். சைக்கிள் குடோன் மூலையில் நின்றிருந்தது, டயரில் காற்றில்லை. நின்றுகொண்டே எல்லாப் பக்கத்தையும் படித்தான். நாலாவது பகுதியை மட்டும் திரும்ப முதலிலிருந்து படித்தான்.

"ரவுண்டு அடிச்சதையும் எழுதியிருக்கீங்க. அது இருக்கட்டுங்க்கா" என்றான்.

பிறகு சொன்னான். உவரியைத் தாண்டியதுமே அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். வயிற்றில் கேஸ், வேறொன்றுமில்லை என்றார். பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் கொடுத்து நிழற்குடையில் உட்காரவைத்தான். பல்லடம் பக்கம் நிற்கிற அதே மாதிரிக் காற்றாலைகள் அங்கேயும் நின்றன. அதைக் காட்டி, நம்மூருக்கே வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று கேலி செய்தாராம்.

"நீங்க போங்க கண்ணு, எனக்காக நின்னா எனக்குச் சங்கட்டமா இருக்குது, நா பின்னாடியே வாரேன்னாருங்க. ஒருக்கா சொன்னப்ப நான் போகலை. மூணு வாட்டி சொன்னாருங்க்கா. பெரியவரு அத்தன வாட்டி சொல்லியும் நின்னா மரியாதையா இருக்காதுன்னு நெனச்சுப்போட்டேன். நெசமாலுமே கேஸ்தானுங்களான்னு நான் இன்னொருக்கா கேக்கலை."

இதை அப்படியே எழுதி அக்காவிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவன் காகிதங்களைத் திருப்பித் தரவில்லை. சாவுக்குப் போகாத வீட்டுக்கு இத்தனை நாள் கழித்து என்ன சொல்லிக்கொண்டு போவது என்றுதான் வருஷம் முழுக்க யோசித்தானாம். ஒரு தடவை கணபதி வரை வந்து, அந்தத் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

"இதைய நீங்க குடுக்கக் கூடாதுங்க்கா. நாந்தான் சொல்லோணும். கூட மட்டும் வாங்க" என்றான்.

7

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். அக்கா கதவைத் திறந்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் யாரையும் வாங்க என்று அழைப்பதில்லை, கிளம்புகிறவர்களும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வருஷம் முடிந்ததும் அது மாறிவிட வேண்டும். ஆனால் முதல் முறை துக்கத்துக்கு வருகிறவனுக்கு இன்றுதானே அது துக்க வீடு? அக்கா ஒதுங்கி வழிவிட்டார்.

நாற்காலி போட்டும் அருண்குமார் உட்காரவில்லை. மரத்தடியில் என்னிடம் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னான். தரையைப் பார்த்துச் சொன்னான்.  முடிந்த பிறகு அக்கா ஒன்று மட்டும் கேட்டார்.

"சோடா குடிச்சாருங்களா?"

"பாதி குடிச்சாருங்க. மீதிய எனக்குக் குடுத்தாரு."

"நீங்க குடிச்சீங்களா கண்ணு?"

"குடிச்சனுங்க."

அக்கா தலையாட்டினார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதற்கு என் கதையில் நான் இடமே வைத்திருக்கவில்லை.

"பொறப்படற அன்னிக்கு ஊட்லயும் நெஞ்சத் தடவிட்டேதானுங்க இருந்தாரு. நா பாத்தேன். மூணு மாசமா ஆசப்பட்டுட்டு இருக்கறாரே, கேட்டா பயணங் கெட்டுப்போயிருமேன்னு நானுங் கேக்கலை. அங்க வந்தும் தடவுனாரான்னு தெரிஞ்சுக்கத்தான் உங்களத் தேடுனேன்."

அப்போதுதான் அருண்குமார் உட்கார்ந்தான். அக்கா எதற்காக ஒரு வருஷமாக அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நானும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். அவன் வாயால் தனக்கு ஒரு தண்டனையோ விடுதலையோ கிடைக்கும் என்று காத்திருந்திருக்கிறார். இரண்டுமே அவனிடம் இல்லை. இருவரும் வெகுநேரம் அழுதார்கள். நான் என்ன செய்தேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

8

அவன் கிளம்ப எழுந்தான். அக்கா வாசல் வரை வந்து நின்றார்.

துக்கம் கேட்க வந்தவன் சொல்லாமல் போக வேண்டும், அதுதான் முறை. அப்படிப் போனால் யாரும் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள், அந்த வீடும் அப்படியே இருக்கும். "வாரனுங்க" என்று சொன்னால், அக்கா "வாங்க கண்ணு" என்று பதில் சொல்லியாக வேண்டும். அவன் திரும்ப வந்தும் ஆக வேண்டும். ஆனால் அந்தச் சொல்லைத்தான் அவனிடம் ஒருவர் சொல்லிவிட்டு வராமலே போனார்.

அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதித்தான் பார்த்தேன். எழுதியதும் அது என் கதையாகிவிடுகிறது, அவர்கள் இருவரும் அதிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். அக்காவுக்குக் கொடுக்கிற பிரதியில் இந்தப் பகுதியே இருக்காது. அவருக்குத் தேவையில்லை.

அந்த முடிவை உங்களிடம் மட்டும் விட்டுவைக்கிறேன். அவசரப்படாதீர்கள். இந்தக் கதையில் இப்போது கடைசி ஆள் அருண்குமார், அவனுக்குப் பின்னால் வருகிறவர் நீங்கள் ஒருவர்தான். அவன் போகச் சொன்னாலும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அருண்குமார் கேட்டைப் பாதி திறந்து, நின்று, திரும்பி அக்காவைப் பார்த்து —