எஜெக்ட் என்றொரு பொத்தான்

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து பிறந்தது. என் பழைய கணினியில் வைஃபை செத்துப்போனதால் நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். இரண்டு மணி நேரம் உயிரை எடுத்தது. கடைசியில் ஓர் இணையப் பக்கத்தில் முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தார்: ‘அது வேலை செய்ய வேண்டுமானால், அதை வெளியே அனுப்புங்கள்.’

விளக்கிவிடுகிறேன், விளக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சில அடாப்டர்களுக்கு இரண்டு வேஷம். சொருகியதும் ‘நான் ஒரு சிடி’ என்று கணினியிடம் அறிமுகம் செய்துகொள்ளும். அந்தச் சிடிக்குள் டிரைவர் இருக்கும். கருவியோடு எப்படிப் பேசுவது என்று கணினிக்குச் சொல்லித்தரும் மென்பொருள் அது. கணினியிடம் ஏற்கெனவே சரியான டிரைவர் இருந்தாலும், வேஷம் கலையாதவரை பயனில்லை. சிடியை ‘எஜெக்ட்’ செய்தால் மறையும். மறைந்த கையோடு அடாப்டராக வந்து நிற்கும்.

2

அன்று காலை வானம்

(வானம் எதற்கு? அறைக்குள் நடக்கிற கதை.)

அவள் பதினோரு மணிக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாள்.

(கொஞ்சம் அதிகம்தான். உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.)

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வேறொரு நகரத்துப் பெரிய மருத்துவமனையில் தலைமைப் பொறுப்புக்கு, பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். திரையில் ரத்த அணுக்களைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பார்கள். ஆகவே கணினிதான் வேண்டும். அதிலும் வைஃபை செத்துப்போய், என்னுடையதைப் போலவே ஓர் அடாப்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

[மொபைலை கேபிளில் இணைத்து நெட் எடுக்கலாமே என்கிறீர்களா? முதல் வரைவில் எடுத்தார்கள். கதை நாலே வரியில் முடிந்துபோனது. அதனால் அவர்கள் வீட்டுக் கேபிளை நான் மாற்றிவிட்டேன். சில மலிவுக் கேபிள்களில் சார்ஜ் ஏறும் கம்பி மட்டும்தான் இருக்கும், நெட் வராது.]

அவள் கணவன் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர்.

3

“என்னங்க, டிரைவர் இல்லன்னு வருது.”

“இதோ குத்துக்கல்லாட்டம் உட்காந்திருக்கேனே.”

(இந்த ஜோக்கை மூன்று முறை அழித்தேன். மூன்று முறையும் அவனே சொன்னான்.)

“கடுப்பேத்தாதீங்க. மணி பத்தே முக்கால்.”

“புடுங்கிட்டு மறுபடி சொருகு.”

“எட்டு தடவ சொருகியாச்சு. எட்டு தடவயும் சிடின்னே காட்டுது. நாம எங்க சிடி போட்டோம்?”

“கடக்காரன் நல்லா தலையில கட்டிட்டான். அந்தப் பொத்தான் என்னது, எஜெக்ட்டா?”

“ஐயோ, அதத் தொடாதீங்க! இருக்கிறதும் போயிடும்.”

4

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. பத்து ஐம்பதுக்கு அவன் மொபைலில் தேடுகிறான். நான் படித்த அதே வரியைப் படிக்கிறான். படித்துவிட்டு மொபைலைக் கவிழ்த்து வைக்கிறான்.

ஏன்?

அவனை வில்லனாக்க ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. கல்யாணமானதிலிருந்து வாரத்தில் நாலு நாள் வெளியூர் போகிறவன் அவன்தான். வாசல்வரை வந்து கையசைப்பது அவள் வேலை. வேலை கிடைத்து அவள் போய்விட்டால், வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தரை வழியனுப்புவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. அதற்கு யாரிடமும் டிரைவர்

(வேண்டாம். அது அவன் ஜோக். நான் திருடக் கூடாது.)

5

முடிவு ஒன்று: அவன் வாயைத் திறக்கவில்லை. பதினொன்று அடிக்கிறது. இதை எழுதி முடித்தேன். ஆனால் மறுநாள் அவள் அதே பழைய வேலைக்குக் கிளம்பும்போது அவனை எங்கே நிற்கவைப்பது என்று தெரியாமல் கிழித்துப்போட்டேன்.

முடிவு இரண்டு: பத்து ஐம்பத்தாறுக்கு மொபைலை நிமிர்த்தி அவளிடம் நீட்டுகிறான்.

“இதப் படி.”

படிக்கிறாள். நம்பிக்கையே இல்லாமல் எஜெக்டை அழுத்துகிறாள். சிடி மறைகிறது. ஒரு மூச்சு. அடாப்டரின் ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்குகிறது.

“வந்துடுச்சுங்க!”

முந்தானையால் முகத்தைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். மொபைலைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் நிற்கிறாள்.

“இத எப்பப் பாத்தீங்க?”

‘இப்பத்தான்’ என்றால் அவள் நிம்மதியாகத் திரையைப் பார்த்து உட்காருவாள். ‘எட்டு நிமிஷம் ஆச்சு’ என்றால் அவனைத்தான் பார்ப்பாள். திரையில் அணுக்கள் கலங்கலாம். பொய் அவளுக்கு உதவும், உண்மை அவளுக்கு உரியது. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன், இரண்டுமே அவன் குரலில் பொருந்துகின்றன. மணி பத்து ஐம்பத்தெட்டு. அவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். கேட்டது என்னையல்ல, அவனை. நீங்கள் சொல்லுங்கள், அவன்