ஓடைப் பள்ளத்துப் பலூன் தவளை

2025 நவம்பர் 10, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது, வானம் வெளுக்கவில்லை. சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்தின் விசாரணை அறையில், நனைந்த குடையை நாற்காலிக்கடியில் செருகிவிட்டுப் பாண்டிச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சிவகாசி அச்சகமொன்றில் காலண்டரும் பட்டாசு லேபிளும் சரிபார்ப்பது அவள் வேலை, படித்தது விலங்கியல். ஆனைக்குட்டத்துக்கு மேற்கேயுள்ள ஓடைப் பள்ளத்தில், போன மாத மழையில், இம்மாவட்டத்தில் அதுவரை எவரும் பதிவு செய்திராத பலூன் தவளையை அவள் கண்டிருந்தாள். பட்டாசு கம்பெனி ஒன்று அந்தப் பள்ளத்தை மூடிக் கிடங்குக்குப் பாதை போட அனுமதி கேட்டிருந்தது. மூடினால் தவளை முட்டையிட வேறிடமில்லை.

கம்பெனியின் ஆலோசகர் விக்னேஷ்வரன் விசாரணை அலுவலர் கற்பகவல்லியிடம் அறிக்கையை நீட்டினார். “மேடம், அது சாதாரண வளைத்தவளை. பள்ளத்துல நானே எடுத்த போட்டோ, ஸ்டுடியோவுல கழுவி ஏழாம் பக்கத்துல ஒட்டியிருக்கேன்.”

பட்டாசு கம்பெனி மேலாளர் சோணைமுத்து சிரித்தார். “தவளைக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா தாயி? காலண்டர் சீசன்ல பிரஸ்ஸ விட்டுட்டு?”

“அரை நாள் லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி.”

அவள் தன் படத்தை வைத்தாள். ஈரக் கண்ணாடிச் சாடிக்குள் தவளையை விட்டு, அடியிலிருந்து எடுத்தது.

“வளைத்தவளைக்குப் பின்னங்கால் அடியில மண்ணு தோண்டுற மேடு ஒண்ணுதான் மேடம். இதுக்கு ரெண்டு. எண்ணிப் பாருங்க.”

கற்பகவல்லி எண்ணினார். “ரெண்டுதான். ஆனா அவர் படத்துல ஒண்ணு இருக்கே. எது பள்ளத்துத் தவளை?”

பாண்டிச்செல்வி அச்சகத்து லென்ஸை ஏழாம் பக்கத்தின்மேல் வைத்தாள். பெரிதாக்கிய படத்தில் தவளையின் முதுகு நாலு நிறப் புள்ளிகளாகப் பிரிந்து, அவை கூடிய இடமெல்லாம் சிறு பூப்போலத் தெரிந்தது.

“உசுருள்ள தவளைய எடுத்து ஸ்டுடியோவுல கழுவுனா இந்தப் புள்ளிப்பூ வராது மேடம். அச்சடிச்ச புத்தகத்த எடுத்தாத்தான் வரும். இதப் பாத்துத்தான் பன்னெண்டு வருசமாச் சோறு திங்கேன்.”

“எப்பப் போனீங்க பள்ளத்துக்கு?” என்று ஆலோசகரைக் கேட்டார் கற்பகவல்லி.

“ஆள அனுப்பியிருந்தேன்” என்றார் விக்னேஷ்வரன்.

“நானே எடுத்ததுன்னீங்களே.”

சோணைமுத்துவின் குரல் தணிந்தது. “ஏம்மா, எங்க ஆர்டர்லதான் உங்க பிரஸ்ஸே ஓடுது. நெனப்பிருக்கா? ஒரு போன் போதும்.”

“போடுங்க அண்ணாச்சி. நிறம் விலகுன லேபிள் ஒண்ணையாவது நான் உங்களுக்கு அனுப்பியிருக்கேனா? அதே கண்ணுதான் இது.”

விசாரணை முடிந்தது. உத்தரவு தபாலில் வரும் என்றார் எழுத்தர். பள்ளத்தருகே மண் லாரிகள் இரண்டு நிற்பதைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறியிருந்தாள்.

“தபாலு வாரதுக்குள்ள லோடு எறங்கிரும். கையில வாங்காமப் போறதா இல்ல.”

“அது வழக்கமில்லம்மா.”

“இருக்கட்டும். நானும் இங்கனயே இருக்கேன்.”

எழுத்தர் இரண்டு முறை அறையைப் பூட்டப் போவதாகச் சொன்னார். இரண்டு முறையும் பூட்டவில்லை. மாலை நாலு முப்பத்தைந்துக்குக் கற்பகவல்லியே வெளியே வந்து, அனுமதி மறுக்கப்பட்டது, பள்ளத்தில் ஒரு கூடை மண்ணும் கொட்டலாகாது என்ற உத்தரவை, கையெழுத்தின் மை உலருமுன் அவள் கையில் கொடுத்தார்.