இடப்பக்கத்துக் கல்லீரல்

மனிதகுலம் வேறு எதில் அடித்துக்கொண்டாலும், கல்லீரல் வலப்பக்கம் இருக்கிறது என்பதில் மட்டும் ஒற்றுமையாக நிற்கிறது. அந்த வீட்டில் இன்று காலை அது இடப்பக்கம் இருந்தது. உடலியல் டியூஷன் வாத்தியாரின் மனைவி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அதை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் இறந்துபோன வாத்தியார், வீட்டில் எப்போதும் போலவே, மறுபேச்சில்லாமல் படுத்திருந்தார்.

"விடுங்க அண்ணி, தோல் உரிஞ்சிடப் போகுது," என்றாள் நாத்தனார்.

"உரியட்டும். காலேஜ் வண்டி வர்றதுக்குள்ள இது போகணும்."

"எங்க போகும்? அழியாத மார்க்கர்னு அதுமேலயே எழுதியிருக்கு."

உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். துறைத் தலைவரிலிருந்து முதலாண்டுப் பிள்ளைகள்வரை சுற்றி நின்று பார்க்கப்போகிற வயிறு.

பிளாஸ்டிக் பொம்மையின் கல்லீரல் எப்போதோ தொலைந்துவிட்டதால், தன் வயிற்றில் வரைந்துதான் அவர் பாடம் நடத்துவார். நேற்று மாலை வகுப்பில் கை நடுங்கியது. "நீ வரையேன், உனக்குத் தெரியாததா," என்று மார்க்கரை அவளிடம் நீட்டினார். தெரியாமல் என்ன. "வலது இடதுன்னா உடம்புக்குச் சொந்தக்காரனோடது, பாக்குறவனோடது இல்ல" என்று அவர் தொண்டை கிழியக் கத்துவதைச் சமையலறையிலிருந்தே கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. அப்படியிருந்தும், எதிரே உட்கார்ந்து, தன் வலக்கைப் பக்கமாக வரைந்துவிட்டாள். விளிம்புக்கு நிழல்கூடக் கொடுத்தாள். அவர் குனிந்து பார்த்து, "பிரமாதம்" என்றார். இன்று சட்டை மாற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆயுசு பூரா சரியாச் சொல்லிக்குடுத்த மனுஷன். கடைசி நாள்ல நான் மானத்த வாங்கிட்டேன்."

வாசலில் ஒரு நர்சிங் மாணவி நின்றாள். வாத்தியார் அவளுக்கு வைத்த பெயர் மண்ணீரல். இருப்பதே யாருக்கும் தெரியாது என்பதால். பஞ்சையும் வயிற்றையும் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அத ஏம்மா அழிக்கிறீங்க?"

"தப்பா வரைஞ்சிட்டேன்டி."

"தப்பில்லம்மா. நீங்க காபி போடப் போனதும் சார் சொன்னாரே. பல ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு உள்ள எல்லாமே பக்கம் மாறி இருக்குமாம். இன்னிக்கு அந்தப் பாடம்னாரு."

மனைவியின் கை நின்றது.

"அப்புறம்?"

"மொத்த உடம்பையும் மாத்திப் போட்டு நடத்தினாரு. இதயம், இரைப்பை, குடல்வால் வரைக்கும். சத்தம் எழும்பல, நடுநடுவுல மூச்சு வாங்குச்சு, விடல. ஒருத்தி சிரிச்சா, வெளிய அனுப்பிட்டாரு."

"அவரா?" என்றாள் நாத்தனார். "வீட்டுக்குள்ள வந்த பூனையவே அண்ணன் வெளிய அனுப்பினதில்லையே."

மனைவி ஸ்பிரிட் பாட்டிலை மூடினாள். பஞ்சைக் கீழே போட்டாள். சட்டைப் பொத்தான்களைப் போடவில்லை. போர்வையை மட்டும் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

கல்லூரி வண்டியில் துறைத் தலைவரே வந்திருந்தார், கோட்டுடன். வாத்தியாரின் பழைய மாணவர். கூடத்தில் மூன்றே பெண்கள் இருந்தாலும், மாநாட்டுக்கு உரிய குரலை எடுத்துக்கொண்டார்.

"துல்லியம்! அதுதான் ஐயா அவர்கள். ஒரு நரம்பு இம்மி நகர விடமாட்டார். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு எந்த உறுப்பு எங்கே என்று என்னால் சொல்ல முடிகிறது என்றால், அது அவர் போட்ட பிச்சை."

சொல்லிவிட்டு, மரியாதையாகப் போர்வையை விலக்கினார்.

"இது... யார் வரைஞ்சது?"

"நான்தான்."

"இடப்பக்கம் இருக்கே?"

"அவரே பார்த்துட்டு பிரமாதம்னாரு," என்றாள் மனைவி.

துறைத் தலைவர் போர்வையைப் பழையபடி இழுத்து மூடினார். ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியதும், கோட்டுக்குள் கையை விட்டு, வலது விலாவுக்குக் கீழே ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.