மேனேஜருக்கு எடுத்த பல் அச்சு

புகார்ப் பிரிவின் தலைமை எழுத்தருக்குத் தாடையில் வலி. வாயைத் திறந்தால் காதோரம் 'டக்'கென்று சத்தம். வராமல் என்ன செய்யும்? மேனேஜர் வாய்க்கு வந்தபடி பேசுவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு வருடம் ஓட்டிவிட்டாள்.

மகளுக்கு அடுத்த வாரம் தலைப்பிரசவம். பத்து நாள் லீவு கேட்டு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் "பாக்கலாம்மா" என்று அந்த மனுஷர் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார். வலி உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

பல் டாக்டர், மேல்பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து கொடுத்தார். "இதுக்குப் பேரு ஸ்ப்ளின்ட். ரெண்டு வாரம் பகல்லயும் போட்டுக்குங்க. பேச்சைக் குறைங்க." தகட்டோடு பேசினால் குழறியது. வெட்கப்பட்டு அவள் வாயே திறக்கவில்லை.

மேனேஜருக்கு ஒரே குஷி. லீவுப் பேச்சே இல்லையே! விஷயத்தை விசாரித்தவர், ஊழியர் நலம் என்று பெயர் வைத்து ஆபீஸ் முழுவதற்கும் தகடு மாட்ட உத்தரவு போட்டார். அடக் கொடுமையே!

மறுநாள் எல்லாருக்கும் பல் அச்சு எடுக்கக் கூட்ட அறைக்கே டாக்டர் வந்து இறங்கினார்.

"முதல்ல எனக்கு எடுங்க. நான் போட்டாத்தானே இவங்க போடுவாங்க?" மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

டாக்டர் களிம்பு நிரப்பிய தட்டை அவர் வாய்க்குள் அழுத்திப் பிடித்தார். "மூணு நிமிஷம். பேசக் கூடாது சார்."

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. மறுப்பு இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சம்மதம் என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். மேனேஜர் போட்ட சட்டம்தான். அதை வைத்தே எல்லார் தலையிலும் மிளகாய் அரைத்துவந்தார். குறிப்பேடு எழுதுவது அவள்.

அவள் தகட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினாள். குறிப்பேட்டைத் திறந்தாள்.

"சார், எனக்கு நாளையிலேர்ந்து பத்து நாள் லீவு. மறுப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மேனேஜருக்கு விழி பிதுங்கியது. "ம்ம்! ம்ம்ம்!"

"அசையாதீங்க சார், அச்சு கெட்டுடும்" என்று டாக்டர் தாடையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அப்புறம் முதல்லேர்ந்து எடுக்கணும்."

அவள் எழுதினாள். காசாளரும் டைப்பிஸ்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா கிளம்பிட்டேன்டி."

"நிஜமாவா? அந்த ஆளு எப்படிம்மா விட்டாரு?"

"ஒரு வார்த்தை மறுத்துப் பேசலடி, பாவம்."