நேர்ல வா, சொல்றேன்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை ஜெரூஷா துப்பட்டா முனையால் துடைத்தாள். அப்பாவின் முகம் தெளிந்தது. துடைத்த இடத்தில் மறுபடியும் பனி பிடிக்க ஆரம்பித்தது.

"அக்கா, குழி வெட்டுறவரு திரும்பவும் போன் பண்ணிட்டாரு," என்றான் தம்பி ஃபிரெடி. "அம்மா கல்லறையையே திறக்கச் சொல்லட்டா? எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க."

எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தாம்பரம் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் இடத்துக்கு அவ்வளவு பஞ்சம். புருஷன் குழியில் பெண்டாட்டி, பெண்டாட்டி குழியில் புருஷன், ஒரே கல்லில் இரண்டு பெயர். அம்மா தபீதாள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. திறந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

"கொஞ்சம் இரு," என்றாள் ஜெரூஷா.

போன மாதம் அப்பா இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். கல்லறை விஷயமா ஒண்ணு சொல்லணும், நேர்ல வா, சொல்றேன். போன்லயே சொல்லுங்கப்பா என்றதற்கு, வேணாம்மா என்றார். "உங்க போனைக் கேக்கிறதுக்குன்னே கவர்மென்ட்ல ஆள் வச்சிருக்காங்களா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். நேரில் போகவும் இல்லை. அவள் இருக்கிற நாவலூரிலிருந்து அப்பாவின் சிட்லபாக்கம் ஒன்றும் அமெரிக்கா இல்லை என்பதைத் தெரு நேற்றிலிருந்து அவள் காதுபடவே பேசிக்கொண்டிருக்கிறது.

அப்பா சத்தியநாதன் சாரின் போன் கதை தெருவுக்கே மனப்பாடம். ஏரியின் ஓரத்தை மூடி அமைச்சரின் மைத்துனர் கல்யாண மண்டபம் கட்டக் கிளம்பியபோது, ரிட்டயரான பூகோள வாத்தியார் கேஸ் போட்டார். அதிலிருந்து எதிர் டீக்கடையில் துரை என்று ஒருவர் வந்து உட்கார ஆரம்பித்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டார். தெருவில் ஒரு பாலிசிகூட விற்றதில்லை. விற்கப் பார்த்ததும் இல்லை.

நாகர்கோவிலில் படுத்த படுக்கையாகக் கிடந்த சிநேகிதர் லாசரஸிடம், தனக்கு மூலம் என்று அப்பா ஒருநாள் போனில் புலம்பினார். வீட்டில்கூடச் சொல்லாத சங்கதி. மறுநாள் காலை துரை டீ கிளாஸும் கையுமாக எழுந்து நின்று, "கருணைக்கிழங்கு சாப்பிடுங்க சார், கேக்கும்," என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தெரு ஒரு வாரம் சிரித்தது. பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதன்பிறகு பிள்ளைகளிடம் போனில் வெயில், மழை, சாப்பாடு தவிரப் பேச்சில்லை. நேரில் வரவே முடியாத லாசரஸிடம் மட்டும், கேட்கிறவன் கேட்டுக்கொள்ளட்டும் என்று மனசுவிட்டுப் பேசினார். அந்த லாசரஸும் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. கவுன்சிலர் இறங்கினார். பின்னால் இரண்டு பேர் மலர்வளையத்தைத் தூக்கி வந்தார்கள். ரிப்பனில் அமைச்சரின் பெயர், தெருமுனையிலிருந்தே படிக்கிற அளவில். போன வார்டு கூட்டத்தில் அப்பாவை 'வேலையத்த கிழவன்' என்று சொன்ன அதே வாய், ஃபிரெடியின் கையைப் பிடித்துக்கொண்டு 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றது. போட்டோ எடுத்தார்கள். ஒன்று சரியாக விழவில்லை என்று இன்னொன்றும் எடுத்தார்கள்.

"செத்தது நிஜந்தானான்னு பார்த்துட்டுப் போக வந்திருக்கானுங்க," என்றாள் அப்பாவின் தங்கை ரத்தினபாய், கவுன்சிலர் காதில் விழுகிற மாதிரி.

"அத்தை, சும்மா இருங்க," என்றான் ஃபிரெடி.

"நான் என்ன போன்லயா சொன்னேன், நேர்லதானேடா சொல்றேன்."

ஜெரூஷா ஜன்னல் வழியே பார்த்தாள். துக்கத்துக்காக டீக்கடை பாதி ஷட்டரை இறக்கியிருந்தது. உட்கார இடமில்லாமல் துரை வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வீட்டிலிருந்து வந்திருந்த பிளாஸ்க்கில் ஒரு டம்ளர் காபி ஊற்றிக்கொண்டு அவள் தெருவைக் கடந்தாள். தெரு மொத்தமும் அவளையே பார்த்தது. பார்க்காதது போலவும் பார்த்தது.

"குடிங்க சார்."

"வேணாம்மா. இருக்கட்டும்." ஆனாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"எங்கப்பா லாசரஸ் மாமாகிட்ட கல்லறையைப் பத்தி ஏதாவது பேசினாரா?"

"என்னைக் கேட்டா எப்படிம்மா? நான் இன்சூரன்ஸ்..."

"குழி வெட்டுற ஆள் காத்துக்கிட்டிருக்காரு. மாமாவும் இல்ல. நான் வேற யார்கிட்ட சார் போய்க் கேப்பேன்?"

துரை, கவுன்சிலரின் கார் கிளம்பி, தெருமுனையில் திரும்பி மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளருக்குள் குனிந்தபடி பேசினார்.

"அம்மாவைத் தொட வேணாம்னாரு."

துரை காபியைக் குடித்து முடித்தார்.

"'நான் போற எடத்துக்கெல்லாம் பின்னாடியே ஆள் வருது லாசரு. தபீதா ஒருத்தியாவது நிம்மதியா தூங்கட்டும். என்னை எங்கயாவது சுவரோரமா போட்டுடச் சொல்லணும்'னாரு."

'லாசரு' என்கிற இடத்தில் அப்பா இழுத்துப் பேசும் விதம் அப்படியே வந்தது. அது துரைக்கும் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"வேற?"

"பொண்ணு நேர்ல வந்ததும் சொல்லணும்னாரு. அவ்ளோதாம்மா."

ஜெரூஷா தலையாட்டினாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"சுவரோரமா புதுக் குழி வெட்டச் சொல்லு," என்றாள் ஃபிரெடியிடம்.

"யாரு சொன்னா?"

"அப்பா."

ஃபிரெடி அவளையும், அவள் கையிலிருந்த டம்ளரையும், எதிர் டீக்கடையையும் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

சாயங்காலம் சர்ச் ஐயர் ஜெபித்து முடித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கூட்டம் மெதுவாகக் கேட்டைத் தாண்டிப் போனது. ஜெரூஷா மட்டும் பின்தங்கி, அம்மா கல்லறையின் மேல் கிடந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

துரை உள்ளே வந்தார். செருப்பைக் கையில் வைத்திருந்தார். புதுக் குழியருகே நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார்.

ஜெரூஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தணிந்த குரலில் ஏதோ சொல்வது போலிருந்தது. வார்த்தைகள் காதில் விழுவதற்கு முன், அவள் எழுந்து இன்னும் நாலடி தள்ளிப் போய் நின்றாள்.